உள்ளங்கையைக் கீழே அமுக்கினால்

மிக்ஸ் என்றால் என்ன என்று கேட்டவர்களுக்கு நான் ஒழுங்காகப் பதில் சொன்னதே இல்லை. பாடுகிறவர் பாடிவிட்டார், வாசிக்கிறவர் வாசித்துவிட்டார், அப்புறம் நீ எதற்கு என்பதுதான் அந்தக் கேள்விக்குள் இருக்கும் கேள்வி. கல்யாண வீட்டில் சமையல்காரரைப் பாராட்டுவார்கள். மொய் எழுதுகிறவரைக்கூட நினைவு வைத்திருப்பார்கள். பந்தியில் யாரை எங்கே உட்கார வைப்பது, யாரை அடுத்த பந்திக்கு நிறுத்தி வைப்பது என்று வியர்க்க வியர்க்க நிற்கிறவனை யாருக்கும் தெரியாது. என் வேலை அதுதான். குரல் முன்னால் உட்கார வேண்டும். தபேலா பக்கத்து இலைக்குக் கை நீட்டக் கூடாது. எல்லாரும் இடிபடாமல் சாப்பிட்டு எழுந்தால் அது நல்ல மிக்ஸ். கை நனைத்தவர்கள் பந்திக்காரனைப் பற்றிப் பேசிக்கொண்டே போனால் எங்கேயோ தகராறு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

கடைசியாக நான் மிக்ஸ் செய்த பாட்டைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பெருமாநல்லூர் போகும் வழியில் எங்கள் வாடகை வீட்டு மாடியில் ஓர் அறை. அதுதான் ஸ்டூடியோ. சுவரில் எதிரொலி வராமல் இருக்க விலை கொடுத்து வாங்கும் பஞ்சுப் பலகை எதுவும் கிடையாது. மரச்சட்டம் அடித்து, அதற்குள் பனியன் கட்டிங் வேஸ்ட்டைத் திணித்து, மேலே சாக்குத் துணி இழுத்து ஆணி அடித்திருந்தேன். திருப்பூரில் காசில்லாமல் கிடைக்கும் ஒரே பொருள் அதுதானே. ஒரு கம்ப்யூட்டர், சின்ன மிக்சர், இரண்டு ஸ்பீக்கர், ஒரு மைக். சென்னையில் ஒரு ஸ்டூடியோவில் சில வருடம் வயர் சுற்றிக்கொண்டும் டீ வாங்கிக்கொண்டும் இருந்து கற்றுக்கொண்டதை வைத்து, கல்யாணம் ஆனதும் ஊர் திரும்பி நானே போட்ட கடை. கோயில் நோம்பிக்குத் திருவிழாப் பாட்டு, ஏசு பாட்டு, ஜவுளிக்கடை விளம்பரம், தேர்தல் வந்தால் தேர்தல் பாட்டு என்று வருவார்கள். வருகிறவர்கள் எல்லாம் ஒன்றையே சொல்வார்கள். கீபோர்டு வாசித்தவர், "கீபோர்டைக் கொஞ்சம் தூக்கி உடுங்க" என்பார். ரிதம் பேடு அடித்தவர், "பேடு அமுங்கிப் போச்சுங்க, தூக்கி உடுங்க" என்பார். கட்சிக்காரர் தலைவர் பெயரைத் தூக்கிவிட்டு எக்கோவும் போடச் சொல்வார். ஒரு ஆள்கூட என்னுடையதைக் குறையுங்கள் என்று கேட்டதில்லை. ஆனால் மிக்ஸில் முக்கால்வாசி வேலை குறைப்பதுதான். ஒன்று கேட்க வேண்டுமென்றால் இன்னொன்று வாயை மூட வேண்டும்.

இதை வைத்துச் சோறு தின்ன முடியாது என்பது முதல் வருடமே புரிந்துவிட்டது. அதனால் பகலில் ஒரு நிட்டிங் கம்பெனியில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாட்டு. ஆறு நாள் வேலையைப் பற்றி வீட்டில் பேசமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த அறைக் கதவைத் திறந்து, ஸ்பீக்கரைப் போட்டு, பாட்டு வருவதற்கு முன்னால் வரும் அந்த மெல்லிய 'ஸ்' சத்தத்தைக் கேட்கும்போதுதான் நான் நானாக இருப்பேன். இது கொஞ்சம் அதிகமாகத் தோன்றலாம். எனக்கு அப்படித்தான் இருந்தது.

நிட்டிங் ஷெட்டுக்குள் நுழைந்தவர்களுக்குத் தெரியும். வட்ட வட்டமான மிஷின்கள் வரிசையாக ஓடும். பக்கத்தில் நிற்கிறவன் காதில் வாய் வைத்துக் கத்தினாலும் பாதிதான் கேட்கும். அதனால் அங்கே எல்லாம் கையால்தான். விரலைச் சுற்றிக் காட்டினால் நூல் அறுந்துவிட்டது. கட்டை விரலையும் சுட்டு விரலையும் வளையமாக்கினால் துணியில் ஓட்டை. மீசையை முறுக்குவது போலக் காட்டினால் முதலாளி வருகிறார். இத்தனைக்கும் எங்கள் முதலாளிக்கு மீசையே கிடையாது. உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து மெதுவாக அமுக்கினால், வேகத்தைக் குறை. ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள்கூட தமிழுக்கு முன்னால் இதைக் கற்றுக்கொண்டார்கள்.

சிலர் காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்கள். நான் வைத்ததில்லை. அத்தனை இரைச்சலுக்குள் ஓர் ஊசி உடைந்தால் வரும் சின்ன 'டக்'கை நான் நடந்துகொண்டே பிடித்துவிடுவேன். துணியில் கோடு விழுவதற்கு முன்பே போய் மிஷினை நிறுத்திவிடுவேன். ஷெட்டில் என் பட்டப்பெயரே காதுக்காரர்தான். "காதுக்காரரு வந்துட்டாருங்க" என்று கிண்டல் செய்வார்கள். எனக்கு உள்ளுக்குள் குளிரும். ஸ்டூடியோவில் கற்ற காது இங்கே உதவுகிறது என்று பெருமை. இங்கே அது தேய்ந்துகொண்டிருக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. அவர்களுக்கும் தேய்ந்துகொண்டுதான் இருந்தது.

அந்த ஷெட்டில் ஆபரேட்டராக இருந்த ஒருவன் தெற்கே இருந்து, திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, வந்தவன். அவன் மனைவி வேறொரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தாள். கிறிஸ்தவக் குடும்பம். அவள் ஊரில் இருந்தபோது கோயில் பாடகர் குழுவில் பாடியவள். சர்ச்சை அவர்கள் கோயில் என்றும் பாதிரியாரை ஐயர் என்றும்தான் சொல்வார்கள். அவளே எழுதி மெட்டுப் போட்ட பாட்டுகள் கொஞ்சம் வைத்திருந்தாள். ஊரில் சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்குக் கோயில் ஸ்பீக்கரில் அவற்றைப் போட வேண்டும், அதற்கு ஒரு சி.டி. வேண்டும் என்பது அவள் ஆசை. "சபையில ஐயர்கிட்ட கேட்டாச்சு அண்ணாச்சி. போடுதேன்னு சொல்லிட்டாவ" என்றாள். ஞாயிறு ஆராதனை முடிந்து அப்படியே சோற்றுத் தூக்கோடு இரண்டு பேரும் மாடிக்கு வந்துவிடுவார்கள்.

நல்ல குரல். சத்தமான குரல் இல்லை, ஆனால் ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தையும் முழுதாக முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவாள். ஊரிலிருந்து ஒரு ட்ரையாங்கிளும் கொண்டுவந்திருந்தாள். கயிற்றில் தொங்கும் முக்கோணக் கம்பி. ஒரு பாட்டில் பல்லவி முடியும் இடத்தில் அதை ஒரே ஒரு தட்டு தட்டுவாள். அது நடுங்கி நடுங்கி அடங்கும்வரை மூச்சுகூட விடாமல் மைக் முன்னால் நின்றாள்.

நான் மிக்ஸ் செய்து போட்டுக் காட்டினேன். அவள் புருஷன் எழுந்தே நின்றுவிட்டான். "கணீர்னு இருக்கு அண்ணாச்சி! என்னா தெளிவு!" என்றான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. டீ நேரத்தில் கம்பெனி வாசலில் ஒருவருடைய ஸ்பீக்கர் பாக்ஸில் போட்டுக் காட்டினோம். ஆபரேட்டர்கள், ஃபிட்டர், துணி ரோல் தூக்குகிறவர் எல்லாரும் ஒரே குரலில் சூப்பர் என்றார்கள். ஒரு ஊரே நன்றாக இருக்கிறது என்றால் சந்தேகப்படுவதற்கு என்ன இருக்கிறது?

அவள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு, தூக்கைத் தரையில் வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஏதும் நெனச்சிக்கிடாதிய அண்ணாச்சி. 'ச' வார எடமெல்லாம் காதுல குத்துதுல்லா? என் குரல் மாதிரியே இல்ல. தகரத்துல பாடுன மாதிரி இருக்கு."

"உன் குரல் உனக்கு அப்படித்தாம்மா கேக்கும்" என்றான் அவன்.

"ஆமாங்க அம்மிணி. எல்லாருக்குமே தன்னோட குரலைக் கேட்டா அப்படித்தானுங்க இருக்கும்" என்று நானும் சேர்ந்துகொண்டேன். இது பொய்யில்லை. பாடுகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் சொல்வார்கள். அவள் சரி என்று தலையாட்டினாள். சி.டி. அடிக்கக் கொடுக்க இன்னும் நாள் இருந்ததால் அப்படியே விட்டோம்.

ஒரு நாள் அறைக் கதவு திறந்திருந்தது. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. என் மகள் அப்போது மழலை மாறாத வயது. படியேறி வந்தவள் வாசலிலேயே நின்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முகத்தைச் சுளித்தாள். நான் விளையாடுகிறாள் என்று சிரித்தேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். என் மனைவி ஓடிவந்து தூக்கிக்கொண்டாள்.

"இல்ல சாமி, அழுவாத கண்ணு. அப்பா நிறுத்தீருவாரு."

"சத்தம் கம்மியாத்தானே வெச்சிருக்கறேன்? எதுக்கு அழுவறா?" என்றேன்.

அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள். "கொஞ்ச நாளாவே இப்படித்தானுங்க இருக்குது. உங்க பாட்டு எல்லாமே. பல்லு கூசுதுங்க. குக்கர் விசில் அடிச்சா உங்களுக்குக் கேக்குது. பாப்பா மெதுவாக் கூப்புட்டாக் கேக்கறதில்லீங்க. செல்போன் அடிச்சா நாந்தானுங்க வந்து சொல்றேன்."

"அதை ஏன் இத்தனை நாளாச் சொல்லலை?"

"எப்படிங்க சொல்றது? உங்களுக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். அதைப் போயி நான் எப்படிக் குத்தஞ் சொல்லுவேன்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. பயப்படும்போது எனக்குக் கோபமாகத்தான் வரும். அன்று சாப்பிடாமல் படுத்தேன்.

கோயமுத்தூரில் ஒரு காது டாக்டரிடம் போனோம். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். உள்ளே நுழைந்ததும் நான் சுவரைத் தட்டிப் பார்த்தேன். நல்ல அறை, இப்படி ஒன்று எனக்கு இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். புத்தி அப்படிப் போனது. முதலில் கனமான சத்தங்கள் வந்தன. அமுக்கினேன். பிறகு கொஞ்சம் மெலிந்தவை வந்தன. பிறகு ஒன்றும் வரவில்லை. இடைவேளை விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக் காத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் என்னையே பார்த்துக்கொண்டு, திருகுகிற கையை நிறுத்தாமல் இருந்தாள். அப்போதுதான் அது இடைவேளை இல்லை என்று புரிந்தது.

டாக்டரம்மா வரைபடத்தைக் காட்டினார். இடது பக்கம் சமமாகப் போன கோடு, வலது பக்கம் போகப் போகப் பள்ளத்தில் விழுந்திருந்தது. அவர் விளக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஈக்வலைசர் என்று எங்கள் வேலையில் ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் திரையில் இதே மாதிரிதான் இருக்கும்: இடது பக்கம் கனத்த ஒலி, வலது பக்கம் 'ச', ட்ரையாங்கிள் மாதிரி கீச்சென்ற மெல்லிய ஒலி, நடுவில் ஒரு கோடு. எந்த இடம் குறைவாகக் கேட்கிறதோ அங்கே கோட்டைத் தூக்கிவிடுவோம். ஆபரேட்டர் மனைவியின் பாட்டுகளுக்கு நான் போட்டிருந்த கோடு எனக்கு மனப்பாடம். டாக்டர் காட்டிய படத்தில் எங்கே பள்ளமோ, என் கோட்டில் அங்கே மேடு. அளவு எடுத்துத் தைத்த மாதிரி பொருந்தியது. நான் பாட்டை மிக்ஸ் செய்யவில்லை. என் காதில் இல்லாமல் போனதை எல்லாம் பாட்டுக்குள் போட்டு நிரப்பிக்கொண்டிருந்திருக்கிறேன். அது நன்றாக இருக்கிறது என்று சொன்னவர்கள் எல்லாரும் அதே ஷெட்டில் நின்றவர்கள்.

"மிஷின் இரைச்சலுங்க. மெல்லிசான சத்தந்தான் முதல்ல போகும். போனது திரும்ப வராதுங்க. இருக்கறதைக் காப்பாத்திக்கலாம்" என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது அவினாசி தாண்டும்வரை அந்த வரைபடத்தை மடித்தும் பிரித்தும் பார்த்துக்கொண்டே வந்தேன். 

அடுத்த ஞாயிறு அந்த இரண்டு பேரிடமும் விஷயத்தைச் சொன்னேன். கோயமுத்தூரில் வேறொரு ஸ்டூடியோ இருக்கிறது, எல்லாவற்றையும் காப்பி செய்து தருகிறேன், அங்கே கொண்டுபோங்கள் என்றேன். அவன் முதலில் சிரித்தான். பிறகு தன் காதைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டான். எனக்கு நன்றாகக் கேட்டதுதானே அவனுக்கும் நன்றாகக் கேட்டது. அவன் முகம் போன போக்கைப் பார்க்க முடியாமல் நான் திரையைப் பார்த்தேன்.

அவள்தான் பேசினாள். "வேற எங்கயும் போவண்டாம் அண்ணாச்சி. எங்க பாட்டு எப்படின்னு ஒங்களுக்குத்தான் தெரியும். நீங்களே செய்யுங்க. எங்க குத்துதுன்னு நான் சொல்லுதேன்."

எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் வாய் வந்தது. அடுத்தவர் காதை வாங்கி மிக்ஸ் செய்கிறவன் மிக்ஸ் செய்கிறவனா? ஆனால் அந்த அறைக் கதவை இழுத்து மூடவும் மனம் வரவில்லை.

அவளை ஸ்பீக்கருக்கு நேரே, நான் உட்காரும் நாற்காலியில் உட்கார வைத்தேன். நான் பக்கத்தில் முக்காலி போட்டுக்கொண்டு மவுஸைப் பிடித்தேன். பாட்டு ஓடும்போது பேச்சு குறுக்கே வந்தால் எனக்கு வேலை ஓடாது. அவள் புருஷன்தான் ஷெட்டில் காட்டுகிற சைகையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். உள்ளங்கையைக் கீழே அமுக்கினால் குறை. மேலே தூக்கினால் ஏற்று. கையை மூடினால் நிறுத்து.

முதல் வரியிலேயே அவள் உள்ளங்கை கீழே இறங்கியது. குறைத்தேன். இன்னும் இறங்கியது. குறைத்தேன். 'ச' குத்துவது நின்றதும் கை அப்படியே காற்றில் நின்றது. அடுத்து ஜால்ராவுக்கு இறங்கியது. பிறகு கீபோர்டுக்கு. மேலே போகும் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன், போகவே இல்லை. அந்தக் கை ஒவ்வொரு முறை இறங்கும்போதும் பாட்டு என்னைவிட்டு ஒரு அடி தள்ளிப் போனது. முதலில் சொற்களின் ஓரம் மழுங்கியது. பிறகு அவள் மூச்சு எடுக்கும் சத்தம் போனது. ஈரப் போர்வையைப் போட்டு மூடியதுபோல ஆகிவிட்டது. அந்தப் போர்வைக்கு அந்தப் பக்கம் அவள் முகம் தெளிந்துகொண்டே வந்தது. எனக்கு அந்தக் கையைப் பிடித்து நிறுத்த வேண்டும்போல இருந்தது. அவள் மேல் வெறுப்பாகக்கூட இருந்தது. பாவம், அவள் என்ன செய்வாள்.

ட்ரையாங்கிள் வந்தது. என் மிக்ஸில் அது பளீரென்று இருந்தது; எனக்குக் கேட்கும்வரை தூக்கியிருந்தேன். அவள் உள்ளங்கையை அமுக்கினாள். குறைத்தேன். மறுபடியும் அமுக்கினாள். இன்னும் ஒருமுறை. அதோடு அது எனக்கு இல்லாமல் போய்விட்டது. பதறிப்போய்ப் பாட்டை நிறுத்தினேன்.

"அம்மிணி, அதைச் சுத்தமா எடுத்தாச்சுங்களா? கேக்கவே இல்லீங்களே?"

"இருக்கு அண்ணாச்சி" என்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, நோயாளியிடம் சொல்வது மாதிரி சொன்னாள். "அழகா இருக்கு. ரொம்ப தூரத்துல, கோயிலுக்குள்ள அடிச்ச மாதிரி."

நம்பாமல் மறுபடி ஓட்டினேன். பல்லவி முடிந்த இடத்தில் திரையில் ஒரு சின்னப் பச்சைக் கோடு எழுந்து, நடுங்கி, அடங்கியது. அந்தக் கோட்டைக் கண்ணால் பார்த்துக்கொண்டேன். அவள் புருஷன் என் முதுகுக்குப் பின்னால் நின்று, "கேக்குதா அண்ணாச்சி?" என்றான். "உனக்குக் கேக்குதா?" என்றேன். அவன் உதட்டைப் பிதுக்கினான்.

அப்படியே எல்லாப் பாட்டையும் முடித்தோம். பண்டிகையன்று அவன் ஊரிலிருந்து போன் செய்தான். கோயில் ஸ்பீக்கரில் போட்டார்களாம், பாடினது யார் என்று கேட்டார்களாம், மறுபடியும் போடச் சொன்னார்களாம். அவன் போனை ஸ்பீக்கர் பக்கம் காட்டுகிறேன் என்றான். எனக்குக் கரகரப்பு மட்டும் வந்தது. நல்லா இருக்குது தம்பி என்றேன். மிக்ஸ் யார் செய்தது என்று யாராவது கேட்டார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க மாட்டார்கள். அப்படியானால் அது நல்ல மிக்ஸ்.

அதற்குப் பிறகு வந்தவர்களை எல்லாம் ஏதோ காரணம் சொல்லி அனுப்பிவிட்டேன். ஸ்பீக்கரையும் மிக்சரையும் கேட்டவருக்குக் கொடுத்தேன். ஷெட்டு வேலையை விட முடியவில்லை. வீட்டு வாடகையும் சோறும் அதில்தான் இருந்தது. காதில் பஞ்சு வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். காதுக்காரர் என்று கூப்பிடுவது தானாகவே நின்றுபோனது. உடைந்த ஊசியைத் துணியில் கோடு விழுந்த பிறகுதான் மற்றவர்களைப் போல நானும் பார்த்தேன்.

சட்டங்களைப் பிரித்துப் பனியன் வேஸ்ட்டை மூட்டை கட்டின அன்று, மனைவி கீழே வீட்டில் பழைய சி.டி. பிளேயரில் அந்தப் பாட்டைப் போட்டாள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அதற்குள் மகள் ஓடிவந்து ஸ்பீக்கருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். காதைப் பொத்தவில்லை. நான் அவளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். எனக்குக் கனத்த பேஸ் ஒலியும் தபேலாவும் வந்தன. அவற்றுக்கு மேலே யாரோ அடுத்த வீட்டில் பாடுவது மாதிரி ஒரு குரல். பல்லவி முடிந்தது.

"டிங்" என்றாள் மகள்.

என்ன கண்ணு என்றேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த முறை பல்லவி முடிந்ததும் ஒரு விரலைத் தூக்கி, பாட்டோடு சேர்ந்து, மறுபடியும் "டிங்" என்றாள். அதற்கடுத்த முறை நான் பாட்டைக் கேட்பதை விட்டுவிட்டு அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எழுந்தது.